இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படித்தவர்

பேருந்துப் பணிமனையின் உணவகத்தில் சமைத்தவரை நாங்கள் எல்லோரும் கரண்டி என்றுதான் கூப்பிட்டோம். கையில் கரண்டி இருப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. உடம்பு காம்பு மாதிரி ஒல்லி, மேலே தலை மட்டும் அகலம். டயர் பிரிவில் இருந்த ஒரு குறும்புக்காரர் வைத்த பெயர் அது. வைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகும் பெயர் தங்கிவிட்டது. சமையல்காரருக்கும் அது பிடித்துப்போய், தொலைபேசியை எடுத்தால் "கரண்டி பேசறேன்" என்றே சொல்லுவார்.

நான் அதே பணிமனையில் சரக்கறைக் காப்பாளனாக இருந்தேன். பேருந்துகளின் உதிரி பாகங்களோடு உணவகத்துக்கு வரும் சாமான்களும் என் பொறுப்பு. என் அறைக்கும் அவருடைய சமையலறைக்கும் நடுவில் ஒரு மரக்கதவு மட்டும்தான். அந்தக் கதவு சாத்தியிருந்து நான் பார்த்த நாட்கள் குறைவு. ஆகையால் இங்கே எழுதுவதில் பாதி நான் கண்ணால் கண்டது. மீதி அவரும் அவர் மனைவியும் பின்னால் சொன்னது. இருவர் சொன்னதும் பொருந்தாத இடங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டேன்.

கரண்டியின் மூக்கு பணிமனை முழுக்கப் பிரசித்தம். மெக்கானிக்குகள் பந்தயம் கட்டிக்கொண்டு தங்கள் கையுறைகளைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். இது பிரேக் எண்ணெய், இது கியர் எண்ணெய், இது உன் வியர்வை, போய்க் குளி என்பார். எண்ணெய்த் தகரம் திறக்கும் முன்பே அதன் வாயருகே முகர்ந்துவிட்டு, பழைய சரக்கு, திருப்பி அனுப்புங்கள் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

வீட்டில் அந்த மூக்குக்கு வேறொரு வேலை இருந்தது. அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். புதிதாகத் தைப்பதில்லை. கால்சட்டையின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்த கோட்டுக்கு உள்துணி போடுவது, இப்படித் திருத்த வேலைகள். மாலையில் கரண்டி மாடி ஏறி வந்து கதவு திறந்ததும் உள்ளே வரமாட்டார். வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நின்றபடி அன்றைய நாளை ஒப்பிப்பார். கம்பளித் துணிக்கு இஸ்திரி போட்டிருக்கிறாய், ஆரஞ்சு உரித்திருக்கிறாய், மேல் வீட்டு அம்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார், அவருடைய முகப் பவுடர் இன்னும் நாற்காலியில் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லுவார். எல்லாம் சரியாக இருந்தால் மனைவி டீ போட வேண்டும். ஒன்று தவறினாலும் கரண்டி போட வேண்டும். டீ போடுவதிலிருந்து தப்பிக்க, அவர் வரும் நேரம் பார்த்து எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு விசிறியையும் சுழலவிட்ட நாட்கள் உண்டு என்று அந்த அம்மாவே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். கல்யாணமான முதல் வருடத்தில் ஆரம்பித்த விளையாட்டு. மகள் பிறந்து, வளர்ந்து, நர்சிங் படிக்க வெளியூர் போன பிறகும் நிற்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் கரண்டிக்குக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தான். காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கடைப்பு எதுவும் இல்லை, மூச்சு தாராளமாக வந்துபோனது. வாசனை மட்டும் இல்லை. வேலைக்குத் திரும்பிய அன்று வெங்காயம் வதக்கும்போது அடுப்பு எரியவில்லை போலிருக்கிறது என்று குனிந்து பார்த்தாராம். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. வெங்காயம் கருகத் தொடங்கியிருந்தது.

அன்று மாலை வீட்டு வாசலில் நின்றார். மனைவி வழக்கம்போல, "ம், சொல்லுங்க" என்றார். கரண்டி மூடின கண்ணை லேசாகத் திறந்து பார்த்தார். மேஜை மேல் பழத்தோல் தெரிந்தது. சொன்னார். டீ வந்தது. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய முதல் நாள் அப்படிப் போனது. இரண்டாம் நாள் சொல்லப்போனால் முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அதற்குப் பிறகு பொய் தன்பாட்டில் வளர்ந்தது.

எனக்குத் தெரிந்தது பாலினால். காலையில் பால் கேன் வந்ததும் மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்துச் சரி என்பது அவர் வேலை. சரி என்ற பிறகு வாங்கிக்கொண்டதாக எழுதுவது என் வேலை. அன்று அவர் சரி என்றபோது கதவுப் பக்கம் நின்ற எனக்கே புளித்த வாடை அடித்தது. இன்னொரு தரம் பாருங்கள் என்றேன். குனிந்து பார்த்துவிட்டு மறுபடியும் சரி என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மூடியை மெதுவாக வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே."

அன்றிலிருந்து அவருக்காக நான் முகர்ந்தேன். பாலும் எண்ணெயும் முட்டையும் என் மூக்கைத் தாண்டித்தான் உள்ளே போயின. வெளியே யாருக்கும் தெரியாது. வீட்டிலாவது சொல்லச் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

எனக்கு அப்போது செய்திக் குழுக்கள் படிக்கும் பழக்கம் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். கணினியும் தொலைபேசி இணைப்பும் உள்ளவர்கள், ஒரு பொருளைப் பற்றிப் பேச ஒரு குழு என்று வைத்துக்கொண்டு, அதில் மடல் எழுதிப் போடுவார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பதில் போடலாம். நான் தராசுகளையும் எடைக்கற்களையும் பற்றிய குழு ஒன்றைப் படித்து வந்தேன். எடைக்கற்களுக்கே ஒரு குழு இருக்கிறதென்றால் மூக்குக்கும் இருக்க வேண்டும் என்று தேடினேன். இருந்தது. வாசனை போனவர்களின் குழு.

என் அறையில் இருந்த கணினியில் அதைத் திறந்து காட்டினேன். கையில் கரண்டியோடு, நின்றபடியே முதல் மடலைப் படித்தார். தலையில் அடிபட்டு வாசனை போன ஒரு தீயணைப்பு வீரர் எழுதியது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் தன் சட்டையில் புகை வாடை இருக்கிறதா என்று தனக்குத் தெரிவதில்லை, குழந்தை மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்கிறது என்று எழுதியிருந்தார். கரண்டி மெதுவாகப் படிக்கிறவர். வாயசைத்துப் படிப்பார், ஒன்றையே மூன்று முறை படிப்பார். அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிற சத்தம் கேட்கும்வரை நகரவில்லை.

"இந்த ஆள் எனக்குத் தெரிஞ்சவர் மாதிரியே இருக்காருண்ணே" என்றார்.

அவர் இதைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். எங்கே, எதைக் கொண்டு படிப்பது என்பதுதான் பிரச்சினை. பணிமனைக் கணினி கூடாது. மேலாளருக்குத் தெரிந்தால் இருவருக்கும் வேலை போகும். வீட்டில் மகள் விட்டுப்போன கணினி ஒன்று இருந்தது. அது தையல் மெஷினுக்கு அடுத்தாற்போல், அதே அறையில் இருந்தது. மனைவி வாடிக்கையாளர்களுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அதில் சீட்டாட்டம் ஆடுவார். தொலைபேசி இணைப்பு ஒன்றே ஒன்று. கணினி அதைப் பிடித்துக்கொண்டால் தையல் விஷயமாகக் கூப்பிடுகிறவர்களுக்கு லைன் கிடைக்காது.

அவருக்கு என்னென்ன தேவை என்று நான் கேட்டுக்கொண்டேன். மென்பொருள் இலவசமாக இருக்க வேண்டும், கணக்கில் ஏதாவது குறைந்தால் வீட்டில் தெரிந்துவிடும். லைனை வெகுநேரம் பிடிக்கக் கூடாது. மெதுவாகப் படிக்க இடம் தர வேண்டும். மனைவி கண்ணில் படக் கூடாது. இதில் கடைசி இரண்டும் ஒன்றையொன்று வெட்டின. லைனைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிக்க வேண்டுமானால் மடல்கள் வீட்டுக் கணினியில் இறங்கி அங்கேயே கிடக்கும். எதுவும் கிடக்கக் கூடாதென்றால் இணைப்பில் இருந்தபடி அவசரமாகப் படித்துவிட்டு மூட வேண்டும்.

முதலில் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று பிரவுசிங் சென்டருக்குப் போனார். இணையப் பக்கத்திலேயே குழுவைப் படிக்கலாம், எதையும் நிறுவ வேண்டியதில்லை, தடயம் இருக்காது. ஆனால் அங்கே நாற்காலிகள் முதுகோடு முதுகு இடிக்கும். அவர் ஒரே மடலில் நெடுநேரம் நிற்பதைப் பார்த்து, கடைக்காரர் கல்லாவிலிருந்தே, "ஐயா, மூக்குக்கு டாக்டர் தேடறீங்களா? என் மச்சானுக்குக்கூட சைனஸ்தான்" என்று சத்தமாகக் கேட்டாராம். அதோடு அந்தப் பக்கம் போவதை விட்டார்.

அடுத்தது, வீட்டுக் கணினியில் ஏற்கெனவே இருந்த மின்னஞ்சல் மென்பொருள். அதற்குள்ளேயே செய்திக் குழுக்களுக்கும் ஓர் இடம் இருந்தது. தலைப்பு வரிகளை மட்டும் முதலில் கொண்டுவரும். ஒரு தலைப்பைத் தொட்டால்தான் அந்த மடல் வரும். படித்து முடிக்கும்வரை இணைப்பில் இருக்க வேண்டும். மனைவி கடைக்குப் போன ஒரு சனிக்கிழமை கரண்டி அதைத் திறந்து உட்கார்ந்தார். மூன்று மடல் முடிவதற்குள் ஒரு வாடிக்கையாளர் நேரிலேயே மாடி ஏறி வந்துவிட்டார். எத்தனை தடவை கூப்பிடுவது, எப்போதும் என்கேஜ்டா, என் கோட்டு என்ன ஆயிற்று என்று சண்டை. அந்தக் கோட்டை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூட கரண்டிக்குத் தெரியாது. அவர் கையில் அகப்பட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டார். அது வேறொருவருடைய கோட்டு என்பது பிறகு தெரிந்தது.

மூன்றாவதை நான் என் வீட்டில் சில நாள் வைத்துப் பார்த்தேன். இலவசம்தான், நல்ல மென்பொருள், இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிக்கொண்டு லைனை விட்டுவிடலாம். எந்த மடலுக்கு எது பதில் என்று கிளை கிளையாகக் காட்டும். பிடிக்காத ஆளின் மடல்களை வராமல் தடுக்கும். பிடித்தவருக்கு மதிப்பெண் போட்டு மேலே ஏற்றும். கரண்டி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அத்தனை பொத்தான்களையும் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"அண்ணே, இது பஸ் எஞ்சின் மாதிரி இருக்கு. எனக்கு ஒரு ஸ்டவ் போதும்ணே."

கடைசியில் தேர்ந்தெடுத்தது ஒரு கல்லூரி மாணவர் எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருந்த சின்ன மென்பொருள். சாம்பல் நிற ஜன்னல். மூன்றே பொத்தான்கள்: வாங்கு, படி, அனுப்பு. வாங்கு என்றால் புதிய மடல்கள் எல்லாம் இறங்கிவிடும். லைனை விட்டுவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படிக்கலாம். நாம் எழுதுவது, நான் பதிந்து வைத்த கரண்டி என்ற பெயரோடு 'அனுப்ப வேண்டியவை' என்ற பெட்டியில் காத்திருந்து, அடுத்த முறை இணைக்கும்போது போகும். கடவுச்சொல் கிடையாது. அதை நான் அவரிடம் தெளிவாகச் சொன்னேன். யார் உட்கார்ந்து திறந்தாலும் எல்லாம் தெரியும், நீங்கள் எழுதியதும் சேர்த்து என்றேன். அவர் பானையைக் கிளறிக்கொண்டே யோசித்தார். மனைவி சீட்டாட்டம் தவிர வேறு எதையும் தொட மாட்டார் என்றார். ஆனாலும் ஒரு பாதுகாப்புக்கு, திரையில் இருக்கும் அதன் படத்துக்கு வேறு பெயர் கொடுத்துவிடலாம் என்றேன். என்ன பெயர் என்று இருவரும் யோசித்தோம். அவர்தான் சொன்னார், வெங்காயம் என்று வையுங்கள், அதைப் போய் யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று. எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

பல வாரங்கள் படிக்க மட்டும் செய்தார். டீ குடித்த பிறகு கணினி முன்னால் உட்கார்ந்து வாங்கு என்பார், தொலைபேசியோடு கணினியை இணைக்கும் மோடம் கத்தி ஓயும், லைனை விடுவார், வாயசைத்துப் படிப்பார். மனைவி கேட்டால் கிரிக்கெட் செய்தி என்பார். பக்கத்தில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். மறுநாள் காலையில் குழுவில் என்ன நடந்தது என்று எனக்கு ஒப்பிப்பார். தீயணைப்பு வீரருக்கு இரண்டாவது குழந்தை பிறந்த செய்தி அவர் மூலம்தான் எனக்கு வந்தது.

பிறகு எழுத ஆரம்பித்தார். முதல் மடல் சமையலைப் பற்றி. உப்பும் புளிப்பும் காரமும் நாக்குக்குத் தெரிகின்றன, ஆனால் எல்லாப் பாத்திரமும் ஒரே பாத்திரமாகிவிட்டது என்று எழுதியிருந்தார். இரண்டாவது மடலை எனக்குக் காட்டவில்லை. அதில் மனைவியைப் பற்றி எழுதியிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. இஸ்திரி ஆவியும் நூலும் சோப்பும் கலந்து கழுத்தோரம் ஒரு வாசனை இருக்கும், அது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன், இருந்தது என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது, எப்படி என்பது போய்விட்டது என்று எழுதியிருந்தாராம்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் அந்த அடுப்பு விஷயம் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, சமையலறை ஜன்னலில் கழன்றிருந்த கொக்கியைச் சரிசெய்யத் திரும்பிவிட்டார். காற்றில் அடுப்பு அணைந்துவிட்டது. வாயு வந்துகொண்டே இருந்தது. அவர் அதே சமையலறையில், கையில் திருப்புளியோடு, பாட்டு முனகிக்கொண்டு நின்றிருக்கிறார். மேல் வீட்டிலிருந்து இறங்கி வந்த மனைவி ஓடிவந்து குமிழைத் திருகினார், எல்லா ஜன்னல்களையும் திறந்தார். திட்டவில்லை. "இன்னிக்கிக் காத்து ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னார். இனியும் மறைப்பது சரியில்லை, இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றேன். கூடையிலிருந்த காய்கறி முழுவதையும் நறுக்கி முடித்தார்.

"சொல்லிட்டா, அந்தக் கதவுல நிக்கறதுக்கு அப்புறம் எனக்கு என்னண்ணே இருக்கு? தினமும் வர்றேன், நிக்கறேன், அவ சிரிச்சிக்கிட்டே காத்திருக்கா. அதுக்காகத்தான் மாடியே ஏறறேன்."

அன்று மாலை குழுவில் ஒரு கேள்வி போட்டார். வீட்டில் சொல்லாமல் இருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா, சொன்னவர்கள் எப்படிச் சொன்னீர்கள் என்று. பதில்கள் வந்தன. தீயணைப்பு வீரர் கோபமாகவே எழுதியிருந்தார். வாயுவோடு விளையாடாதே, இன்றே சொல் என்று. ஒருவர் தன் மனைவி சிரித்துவிட்டாள் என்றார். இன்னொருவர், சொல்லவே இல்லை, இன்னும் ஒளித்துக்கொண்டுதான் இருக்கிறேன், உன்னால் முடிந்தால் எனக்கும் வழி சொல் என்றார். கரண்டி எல்லாவற்றையும் மூன்று மூன்று முறை படித்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்று என்னிடம் தினமும் சொன்னார்.

ஒரு மாலை, இன்னும் வெளிச்சம் இருக்கும்போது, வழக்கம்போல வெங்காயத்தைத் திறந்து வாங்கு என்பதை அழுத்தினார். புதிய மடல்கள் இறங்கின. லைனை விடப் போகும்போது திரையில் ஒரு கேள்வி வந்தது. அனுப்ப வேண்டியவை ஒன்று, அனுப்பவா?

அவர் எதுவும் எழுதியிருக்கவில்லை. கை தவறி ஏதோ அழுத்திவிட்டோம் என்று நினைத்து அந்தப் பெட்டியைத் திறந்தார். அங்கே ஒரு மடல் இருந்தது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில். எழுதியவர் பெயர் கரண்டி என்று இருந்தது. ஒரு கணம் தனக்கு மூளையும் போய்விட்டது என்றே நினைத்தாராம். பிறகு படித்தார். பல வருடங்கள் கழித்து அந்த மடலை என்னையும் படிக்கவிட்டார்கள். அதை உள்ளபடியே தருகிறேன்:

"உங்கள் கேள்வியைப் பார்த்தேன். நான் வாசனை தெரிந்தவள்தான். என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியாது. காய்ச்சல் விட்ட இரண்டாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் வாசலில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொல்வார். இப்போது இமை துடிக்கிறது. முதலில் கோபம் வந்தது. என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறார் என்று இருந்தது. பிறகு ஆரஞ்சுத் தோலை மாடிப்படியில் அவர் கண்ணில் படுகிற மாதிரி போட ஆரம்பித்தேன். கம்பளித் துணியைக் கதவுக்கு நேரே தொங்கவிட்டேன். மேல் வீட்டு அம்மா வந்த நாளில் இரண்டு கோப்பையையும் கழுவாமல் வைத்தேன். அவர் சரியாகச் சொன்னால் எனக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அன்றைக்கு அடுப்பு அணைந்தபோது அவர் பாட்டு முனகிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படிச் சொன்னாலும் போதும். சாப்பிடும்போது சொன்னாலும் சரி. இன்னொரு மடலில் கழுத்து வாசனை எப்படி இருந்தது என்று நினைவில்லை என எழுதியிருந்தீர்கள். அதை யோசித்துப் பார்த்தேன். என் வாசனை எனக்கே தெரியவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை."

அவர் முதல் முறை படிக்கும்போது பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது முறை படிக்கையில் நின்றுவிட்டது. மூன்றாவது முறை படிக்க முடியவில்லை, எழுத்து கலங்கியது என்றார்.

"லைனை விடுங்க" என்றார் மனைவி. "ஒருத்தர் கூப்பிடுவாரு."

அவர் லைனை விட்டார். திரும்பிப் பார்க்காமலே, "எப்ப எழுதினே?" என்றார்.

"மத்தியானம். அது எங்கயோ போயி, மத்ததெல்லாம் வர்ற மாதிரி திரும்பி வரும்னு நினைச்சேன். யாரோ ஒரு பொம்பள எழுதினதுன்னு நீங்க படிப்பீங்கன்னு."

"அதுல எம்பேரு போட்டிருக்கு."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"பேரு கிடக்கட்டும். ஆரஞ்சுத் தோல்னு எழுதிட்டு, நீதான்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"ஏன், ஊர்ல வேற யாரும் ஆரஞ்சு திங்கறதில்லயா?"

இந்த இடத்தில் இருவரும் சிரித்தார்கள் என்று அவர் சொல்கிறார். தான் சிரிக்கவில்லை என்று அந்த அம்மா சொல்கிறார். ஆனால் கரண்டி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார் என்பதிலும், எனக்கு வாசனை தெரியவில்லை என்று வாயால் சொன்னார் என்பதிலும், தெரியும் என்று அந்த அம்மா பதில் சொன்னார் என்பதிலும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தொலைபேசி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

அது சரி, அந்தப் படத்தை எதற்குத் திறந்தாய் என்று பின்னால் ஒரு நாள் அவர் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். அந்த அம்மா பதிலை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நீங்களே சொல்லுங்கண்ணா. கல்யாணமான நாள்லேர்ந்து சமையல் பேச்சை வீட்டுக்குள்ள கொண்டு வராத மனுஷன். கம்ப்யூட்டர்ல வெங்காயம் வெச்சிருந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதுவும் கிரிக்கெட் படிக்கறேன்னு அதைத் திறக்கறாரு."

அந்தப் பெயர் அவருடைய யோசனை என்று நான் உடனே சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவர் மேலாளரிடம் தானே போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன், பாலை முகர்ந்து வந்தது நான் என்பதால். மேலாளர் இருவரையும் உட்காரச் சொல்லாமல் நிறுத்தி வைத்தே கேட்டார். சாப்பாட்டில் எந்தக் குறையும் வந்ததில்லையே என்றார். உப்பு நாக்குக்குத் தெரிகிறது என்றார் கரண்டி. பாலுக்கு நாக்கு போதாது, அண்ணன் இல்லாவிட்டால் என்றைக்கோ யாருக்காவது வயிற்றைக் கெடுத்திருப்பேன் என்பதையும் மறைக்காமல் சொன்னார். வேலை போகவில்லை. ஆனால் விதி ஒன்று வந்தது. கெட்டுப்போகும் சாமான் எதுவும் வேறொருவர் முகர்ந்து கையெழுத்துப் போடாமல் உள்ளே போகக் கூடாது. காலையில் வாயு உருளையைத் திறந்து முதல் அடுப்பைப் பற்றவைப்பதும் இனி அவர் வேலை இல்லை. முதலாவது அவருக்கு நிம்மதி. இரண்டாவது வருத்தம். இருட்டான சமையலறைக்குள் முதலில் நுழைந்து, அந்த முதல் நீலச் சுடரைப் பார்ப்பது அவருக்குப் பிடித்த காரியம். பாத்திரம் கழுவுகிற அம்மாள் அடுப்பைப் பற்றவைக்கும்வரை வெளியே படியில் உட்கார்ந்திருப்பார். நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். 

வீட்டில் வாசல் விளையாட்டு நின்றுபோனது. அதற்குப் பதிலாக வேறொன்றை அவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. உள்ளே வருவார், இன்றைக்கு என்ன என்பார். மனசு இருந்தால் அந்த அம்மா சொல்லுவார், வேலை நெருக்கடி இருந்தால் சும்மா இருங்கள் என்பார். டீயை அவரவர் முறை வைத்துப் போட்டார்கள். அடுப்பை மட்டும் அந்த அம்மாதான் பற்றவைப்பார். படியில் ஆரஞ்சுத் தோல் கிடக்காததால் கீழ் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார்.

குழுவை இருவரும் சேர்ந்து படித்தார்கள். இப்போது வெங்காயம் என்ற படம் அதன் சொந்தப் பெயருக்கு மாறியிருந்தது. அவர் வாயசைத்துப் படிக்கும் வேகம் பொறுக்காமல் அந்த அம்மா மெஷினில் இருந்தபடியே சத்தமாகப் படிக்கச் சொல்லுவார். தீயணைப்பு வீரருக்குக் கரண்டி எழுதினார், சொல்லிவிட்டேன் என்று. எப்படிச் சொன்னீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். அதற்கு அவர் பதில் போடவில்லை. இன்னும் ஒளித்துக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு மட்டும், உங்கள் வீட்டிலும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், கவனித்துப் பாருங்கள் என்று இரண்டு வரி எழுதினார்.

மனைவி எழுதிய மடல் அந்தப் பெட்டியிலேயே இருந்தது. அனுப்பினால் கரண்டியின் கேள்விக்குக் கரண்டியே பதில் சொன்னதாகப் போகும். அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் மென்பொருள் அனுப்பவா என்று கேட்கும், அவர் பிறகு என்பதை அழுத்துவார். அப்படியே வருடங்கள் போயின. மூக்கு திரும்பவில்லை. நானும் ஓய்வுபெற்றேன், அவரும் ஓய்வுபெற்றார்.

மகள் நர்ஸ் வேலையில் இருந்து விடுமுறைக்கு வந்தபோது பெற்றோருக்குப் புதிய கணினி வாங்கிவந்தாள். அன்று நானும் அங்கே போயிருந்தேன். அந்தச் சின்ன மென்பொருள் புதிய கணினியில் ஓடாது என்றாள். அதை எழுதிய மாணவர் எப்போதோ அதைக் கைவிட்டுவிட்டார். பழைய மடல்களை வேறு வடிவத்தில் மாற்றிக்கொண்டிருந்தவள், பெட்டியில் கிடந்த ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, இங்க ஒண்ணு அனுப்பாமலே கிடக்கு. எத்தனை வருஷத்துக்கு முந்தினது! அனுப்பிடவா, அழிச்சிடவா?"

கரண்டி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கண்ணை ஊசியிலிருந்து எடுக்கவில்லை.

"அது போய்ச் சேந்தாச்சு. நீ மத்ததைப் பாரு."

மகள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் டீயைக் குடித்தேன். அவள் அந்த மடலையும் மற்றவற்றோடு சேர்த்துப் புதிய கணினிக்கு மாற்றினாள்.